டபேதார் தீர்த்தகிரி தேறினார்

சேலத்தில் ஒரு பெரிய ஆபீசில் தீர்த்தகிரி டபேதாராக இருந்தார். துரை காரிலிருந்து இறங்கும்போது கதவைத் திறக்க வேண்டும். பிறகு வெள்ளிப்பூண் போட்ட தடியைப் பிடித்துக்கொண்டு துரைக்கு நாலடி முன்னால் பதினோரு படி ஏற வேண்டும். சுதந்திரம் வந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தும் அந்த ஆபீசில் அதிகாரியைத் துரை என்றுதான் சொன்னார்கள். எந்தத் துரையும் அதை ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை.

தீர்த்தகிரி ஐந்தடி நாலங்குல உயரம், நூற்றுத் தொண்ணூறு பவுண்டு எடை. சிவப்புப் பட்டையும் பித்தளை வில்லையுமாக அவர் வராந்தாவில் வந்தால் மனுக் கொடுக்க வந்தவர்கள் தாமாகவே சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். மாற்றலாகிப் போன ஒரு துரை, "இந்த ஆபீசின் கம்பீரத்தில் பாதி உன் வயிற்றில் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். தீர்த்தகிரி அதை வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறார்.

அந்த வயிற்றுக்குள் எட்டு வருடமாகப் புண் இருந்தது. வயிறு காலியானால் வலிக்கும். ஆகவே அவர் அதைக் காலியாக விடுவதில்லை. சட்டைப் பையில் பன், மேசைக்கடியில் முறுக்கு, பதினொரு மணிக்கு நாலு இட்லி. சாப்பிடச் சாப்பிட வலி அடங்கியது, உடம்பு ஏறியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் வருடம் தை மாதம் ஒருநாள் துரைக்கு நாலடி முன்னால் ஒன்பதாவது படியில் அவர் ரத்த வாந்தி எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தோமினிக் அவருடைய இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தார். தையல் பிரித்த அன்று கட்டிலருகே உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார்.

"தீர்த்தகிரி, இனிமே உன் வயிறு ஒரு சின்னச் சொம்பு. ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடு. முட்டை, மீன், பயறு. இனிப்பும் கஞ்சியும் வேண்டாம், அது நேரா குடல்ல போய் விழும். உடம்பு நல்லா இறங்கும். பயப்படாதே, உனக்கு இறங்கத்தான் வேணும். தினமும் நட."

தீர்த்தகிரி நடந்தார். முதல் பதினைந்து நாள் கட்டிலிலிருந்து கொல்லைக் கதவு வரை, நல்லம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டு. ஒரு மாதத்தில் அரசாங்கக் குடியிருப்பு வரிசையின் கடைசி வீடு வரை. இரண்டாம் மாதம் அஸ்தம்பட்டி போய்த் திரும்பினார். பங்குனியில் கோயிலில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை மறந்துபோய் இரண்டு வாய் தின்றுவிட்டார். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டி, கோயில் வாசலிலேயே அரைமணி நேரம் படுத்துக் கிடந்தார். அதன்பின் இனிப்பின் பக்கமே போகவில்லை. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு மலை அடிவாரம் வரை நடந்து போய், நடந்தே திரும்பி வந்தார். வந்தவர் மூச்சு வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து, குனிந்து, தம் கால் நகத்தைத் தாமே வெட்டிக்கொண்டார். ஆறு வருடமாக அதை வெட்டிவிட்டவள் நல்லம்மாள்.

"என்ற வேலைல ஒண்ணு கொறஞ்சு போச்சுங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டாள்.

நாலு மாத விடுப்பு முடிந்ததும் தீர்த்தகிரி ஆபீசுக்குப் போனார். வாசலில் இருந்த குமாஸ்தா, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். தீர்த்தகிரி தம்மை இன்னார் என்று சொன்ன பிறகு, குமாஸ்தா எழுந்து வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, தேகத் தகுதி வாரியத்தின் சான்றிதழ் இல்லாமல் வேலையில் சேர முடியாது என்றார்.

தேகத் தகுதி வாரியம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கூடும். கடைவீதியில் ஒரு கட்டடத்தின் மாடியில் அது இருந்தது. போக இருபத்தாறு படி. படியேற முடியாத நோயாளிகளை வாரியம் 'ஆஜராகவில்லை' என்று எழுதிக்கொண்டது. வாரியத்தில் மூன்று பேர். நடுவில் தலைவர், அவர் ஒரு காலத்தில் டாக்டராக இருந்தவர். வலப்பக்கம் செயலாளர் உபகாரசாமி. இடப்பக்க உறுப்பினர் இறந்து இரண்டு வருடமாகிறது. புதியவர் நியமிக்கப்படும் வரை அவர் தலைவருடைய கருத்தோடு ஒத்துப்போவதாகக் குறித்துக்கொள்ளப்பட்டது.

தீர்த்தகிரியை எடைமேடையில் நிறுத்தினார்கள். நூற்று இருபத்தெட்டு பவுண்டு. உபகாரசாமி பதிவேட்டைப் புரட்டி, பழைய எடை நூற்றுத் தொண்ணூறு என்று படித்தார். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் எடை குறைந்த ஊழியர் தேய்வு நோய் கண்டவர் என்பது விதி. குறைந்தபட்சம் நூற்று அறுபத்திரண்டு பவுண்டாவது வந்தால்தான் சான்றிதழ்.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க சாமி" என்றார் தீர்த்தகிரி. "அடிவாரம் வரைக்கும் நடந்து போயிட்டு வந்தனுங்க. வேணும்னா இந்தப் படியில பத்துத் தடவ ஏறி எறங்கிக் காட்றனுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏறிக் காட்டுகிறேன், இறங்கிக் காட்டுகிறேன் என்று சொல்கிறவர்களை எல்லாம் நம்பினால் வாரியம் எதற்கு? ஆரோக்கியம் என்பது ஒருவர் தாமாக அடைவது அல்ல. அது வழங்கப்படுவது."

டாக்டர் தோமினிக்கின் கடிதத்தைத் தீர்த்தகிரி நீட்டினார். தலைவர் அதைத் தொடவில்லை. "அறுத்தவரே நலம் என்று எழுதுவதா? தையற்காரன் தான் தைத்த சட்டையைத் தானே புகழ்வது மாதிரி இருக்கிறது" என்றார். இடப்பக்க நாற்காலியும் அதை ஒத்துக்கொண்டதாக உபகாரசாமி எழுதினார்.

ஆனி மாதக் கூட்டத்திலும் எடை அதே நூற்று இருபத்தெட்டு. அதோடு வேறொரு சிக்கல் எழுந்தது. பணிப்பதிவேட்டில் 'பருத்த தேகம். தொப்புளுக்கு மேலே ஓரங்குலத்தில் மிளகளவு மச்சம்' என்று அடையாளம் எழுதியிருந்தது. தேகம் பருத்ததாக இல்லை. உபகாரசாமி பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு வயிற்றில் தேடினார். டாக்டர் தோமினிக்கின் கத்தி சரியாக அந்த மச்சத்தின் வழியாகத்தான் போயிருந்தது.

"இவர் தீர்த்தகிரி என்பதற்கு ஆதாரம் இல்லை" என்றார் உபகாரசாமி.

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நல்லம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"இருவத்திநாலு வருசமா இவருகோட குடும்பம் பண்றனுங்க சாமி. இவருதானுங்க அவரு."

"மனைவி பழக்கத்தினால் சொல்கிறார்" என்றார் தலைவர். "வாரியம் பழக்கத்தினால் எதையும் ஏற்பதில்லை."

பிறகு அவருடைய யூனிபாரத்தை வரவழைத்துப் போட்டுப் பார்த்தார்கள். இடுப்புப் பட்டை ஒன்றரைச் சுற்று வந்தது. கோட்டுக்குள் இன்னொரு ஆள் நிற்க இடமிருந்தது. யூனிபாரம் அரசாங்கத்துடையது, அளவு எழுத்தில் இருக்கிறது, ஆகையால் தப்பு ஆளிடம்தான் இருக்க வேண்டும் என்று தலைவர் கருத்துத் தெரிவித்தார். நெடுநேரம் யோசித்து, மறு உத்தரவு வரும் வரை இந்த நபரைத் 'தற்காலிகத் தீர்த்தகிரி' என்று வைத்துக்கொள்ளலாம் எனத் தீர்மானித்தார்கள்.

வீடு திரும்பும்போது அவர் நல்லம்மாளுக்குப் பின்னால் நடந்து வந்தார். குடியிருப்பு வரிசைக்குள் நுழையும்போது, "ஏம்புள்ள, நான் நாந்தானே?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்து நல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை.

ஆடி மாதம் வாரியத்துக்குப் புது எடைமேடை வந்தது. நாடெங்கும் பவுண்டு போய்க் கிலோ வந்துகொண்டிருந்த சமயம். பச்சை வர்ணம் அடித்த அந்த மேடைக்குச் சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, தலைவர் தம் கையால் கற்பூரம் காட்டினார். முதலில் ஏற்றப்பட்டவர் தற்காலிகத் தீர்த்தகிரி.

"ஐம்பத்தெட்டு" என்று படித்தார் உபகாரசாமி.

பதிவேட்டின் பழைய பக்கத்தைப் புரட்டினார். போன மாதம் நூற்று இருபத்தெட்டு. முப்பது நாளில் எழுபது குறைந்திருக்கிறது.

"அது கிலோவுங்க சாமி" என்றார் தீர்த்தகிரி. "பெட்டி மேலயே எழுதியிருக்குதுங்க."

"எண் என்பது எண்" என்றார் தலைவர். "அதற்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் எந்தக் கூட்டமும் முடியாது."

உபகாரசாமி ஒரு தாளில் கணக்குப் போட்டார். இதே வேகத்தில் போனால் அடுத்த மாதக் கூட்டத்தில் இந்த ஊழியரின் எடை பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டாக இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போன ஊழியருக்கு என்ன விடுப்பு கொடுப்பது என்று விதிப்புத்தகத்தில் இல்லை. அந்த நிலைமை வருமுன் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று வாரியம் அவசரத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்த்தகிரி உடனடியாகத் தேற்று நிலையத்துக்கு அனுப்பப்பட்டார்.

கிலோவைப் பற்றிய விளக்கச் சுற்றறிக்கை இருபது நாள் கழித்து வாரியத்துக்கு வந்தது. நூற்று அறுபத்திரண்டு பவுண்டு என்பது எழுபத்துமூன்றரைக் கிலோ என்று இலக்கைத் திருத்திக்கொண்டார்கள். எழுபது குறைந்தது என்ற தீர்மானத்தை மட்டும் திருத்தவில்லை. நிறைவேறிய தீர்மானம் தவறு என்று இன்னொரு தீர்மானம் போட்டால் வாரியத்தின் பெயர் என்னாவது?

தேற்று நிலையம் ஆத்தூர் சாலையில் இருந்தது. பழைய ஜவ்வரிசிக் கிடங்கு. அதில் ஆறு கட்டிலும் ஒரு எடைமேடையும் போட்டிருந்தார்கள். கிடங்கில் விற்காமல் கிடந்த ஜவ்வரிசி மூட்டைகளை வாரியத்துக்கே கொடுத்துவிட்டதால், நிலையத்தின் மருந்து ஜவ்வரிசி என்று முடிவாயிற்று. வெல்லம் போட்டுக் காய்ச்சிய ஜவ்வரிசிக் கஞ்சி, வேளைக்கு மூன்று சொம்பு, நாளைக்கு மூன்று வேளை. நோயாளியின் பழைய எடையைப் பார்த்து அளவு போட்டார்கள். தீர்த்தகிரிக்குத்தான் அதிகம் கிடைத்தது.

முதல் சொம்பு முடியும்போதே நெற்றியில் வேர்வை பூத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுத்தார். பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்தார். நிலையத்து ஆள் சின்னுசாமி அதன்மேல் மண்ணைப் போட்டு மூடிவிட்டு இரண்டாவது சொம்பைக் கொண்டுவந்தான்.

"ஏனுங்கண்ணா, நான் என்னங்க பண்றது? குடிச்சதுக்குத்தான் நோட்டுல கட்டம் இருக்குது. வாந்தி எடுத்ததுக்குக் கட்டம் இல்லீங்க" என்றான் அவன். கெட்டவன் அல்ல. யாரும் பார்க்காதபோது ஒரு சொம்பைத் தானே குடித்து உதவினான். அப்படி அவன் நன்றாகத் தேறிவந்தான்.

நடக்க அனுமதி இல்லை. நடந்தால் எடை குறையும்.

நல்லம்மாள் டாக்டர் தோமினிக்கிடம் ஓடினாள். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "வெறும் மாவும் வெல்லமும்! அதில சத்து ஒண்ணுமே இல்லையே அம்மா, உடம்புல நீர்தான் கோத்துக்கும்" என்றார். உடனே வாரியத்துக்கு நாலு பக்கம் எழுதினார். கடிதம் கிடைத்தது என்று மூன்று வாரத்தில் பதில் வந்தது. கடிதத்தின் தொனி வருந்தத்தக்கது என்றும் அதில் ஒரு வரி இருந்தது.

"கடுதாசிக்கு இனி நேரமில்லை" என்றார் டாக்டர். "அவரை அங்கேருந்து கூட்டிக்கிட்டுப் போயிடு."

புரட்டாசியில் நல்லம்மாள் மாற்றுத் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். கணவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். முகம் உப்பியிருந்தது. இரண்டு பாதமும் செருப்புக்குள் போகாமல் வீங்கியிருந்தன. கையும் மார்பும் குச்சியாக இருந்தன. வயிறு மட்டும் தனியாகப் பெருத்து, தோல் பளபளத்தது.

"கெளம்புங்க" என்றாள். "மோகனூருல என்ற அக்கா ஊடு இருக்குது. ஆத்தோரம் கரும்பு வெட்டியாவது பொழச்சுக்கலாம். மீனு கெடைக்கும், டாக்டரு சொன்ன மாதிரி ஆக்கிப் போடறேன். கதவு தொறந்துதானுங்க கெடக்குது, வாங்க."

கதவு திறந்துதான் கிடந்தது. தீர்த்தகிரி அதைப் பார்த்தார். பிறகு எடைமேடைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த அட்டையைப் பார்த்தார். அதில் சிவப்புப் பென்சில் கோடு ஐம்பத்தெட்டில் தொடங்கி, அறுபத்தொன்று, அறுபத்தைந்து, அறுபத்தெட்டு என்று மேலே போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் அஞ்சரைதான் புள்ள" என்றார்.

"அது நீருங்க! சதையில்லீங்க!"

"நீரோ சதையோ, பொட்டி ஏறுது." அவர் மூச்சு விட்டுவிட்டுப் பேசினார். "இப்ப நான் எந்திரிச்சு வந்தா, சாகற மட்டும் நான் சீக்காளிதான். காயிதத்துல அப்படித்தானே இருக்கும்? தீர்த்தகிரியே இல்லைன்னு கூட எழுதி வெச்சிருக்கறாங்க. நான் நல்லா இருக்கறேன்னு ஒரு காயிதம் கொடுக்கட்டும். நான் நாந்தான்னு ஒரு வரி எழுதட்டும். அடுத்த நாளே உன்கோட மோகனூருக்கு வாரேன்."

நல்லம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் எழுந்து நின்றார். நாலடி வைத்தார். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஐந்து மாதத்துக்கு முன் அடிவாரம் போய்த் திரும்பிய கால் அது. அவளுக்கு அழுகை வந்தது. மூட்டையை அங்கேயே வைத்துவிட்டு, அன்றிலிருந்து கிடங்கின் வெளியே புளியமரத்தடியில் தங்கிவிட்டாள். அவித்த முட்டையைச் சின்னுசாமி மூலம் கொடுத்தனுப்பினாள். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் உபகாரசாமி முட்டை ஓடுகளைக் கண்டுபிடித்து, வெளி உணவு முன்னேற்றத்தைக் குழப்பிவிடும் என்று தடுத்துவிட்டார்.

முன்னேற்றம் தடையில்லாமல் நடந்தது. தலைவர் வெளியூர் அதிகாரிகளை அழைத்துவந்து அட்டையைக் காட்டினார். "பூஜ்யத்துக்குக் கீழே போகவிருந்தவர்" என்று தீர்த்தகிரியை அறிமுகப்படுத்தினார். வந்தவர்கள் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். பானைத் தண்ணீரைத் தட்டியது போல் ஒரு அசைவு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. எல்லோரும் பாராட்டினார்கள்.

ஐப்பசி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை தீர்த்தகிரியை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பியூன்கள் இருபத்தாறு படியும் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏறிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எடைமேடை எழுபத்துநாலு காட்டியது. கோட்டின் இரு விளிம்பும் சரியாகச் சேர்ந்து பொத்தான்கள் மாட்டின. இடுப்புப் பட்டை பழைய துளையில் நின்றது. அடையாளம் உறுதியாயிற்று.

தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"இந்த மனிதர் நம்மிடம் முதலில் வந்தபோது தம் கால்களாலேயே வந்தார். தமக்கு ஒன்றுமில்லை என்று சாதித்தார். படியேறிக் காட்டுவதாகக்கூடச் சவால் விட்டார். அவ்வளவு முற்றிய நிலை! இன்று பாருங்கள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இதைத்தான் வாரியம் குணமடைதல் என்கிறது."

சான்றிதழில் 'தீர்த்தகிரி, முழுத் தகுதி' என்று எழுதியிருந்தது. 'தற்காலிக' என்ற சொல் அடிக்கப்பட்டு, அதன்மேல் தலைவர் சிறு கையெழுத்துப் போட்டிருந்தார். தீர்த்தகிரி காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கி அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு நல்லம்மாளிடம் கொடுத்து, "பத்திரமா வெய்யி" என்றார். நாளைக்கே மோகனூர் போகலாம் என்று அவள் சொன்னாள். சான்றிதழ் பெற்றவர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வேலையில் சேராவிட்டால் அது செல்லாது என்று உபகாரசாமி நினைவுபடுத்தினார்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் துரையின் கார் வந்தது. தீர்த்தகிரி கதவைத் திறந்தார். தடியை ஊன்றி முதல் படி ஏறினார். துரை நாலடி பின்னால் வந்தார். மூன்றாவது படியில் தீர்த்தகிரி நின்றார். துரையும் நின்றார். நாலாவது படிக்கு இரண்டு கையாலும் முழங்காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. ஐந்தாவது படியில், "ஒரு நிமிசமுங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் துரை எதிரில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

டபேதாருக்கு முன்னால் துரை போகும் வழக்கம் இல்லை. ஆகவே துரை படியிலேயே நின்றார். பின்னால் சூப்பிரண்டு நின்றார், அவருக்குப் பின்னால் குமாஸ்தாக்கள் நின்றார்கள். கால் மணி நேரம் கழித்து, டபேதார் சாய்ந்திருக்கும் விதம் சரியில்லை என்று கீழே வரிசையில் நின்ற ஒரு மனுக்காரர்தான் சொன்னார். அப்போது மூச்சு நின்று சற்று நேரம் ஆகியிருந்தது.

உடலைக் குடியிருப்புக்குக் கொண்டுவந்து நடுவீட்டில் கிடத்தினார்கள். வாரியத்தின் சார்பில் உபகாரசாமி ஒரு மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு நல்லம்மாளின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். இறக்கும்போது அவர் முழுத் தகுதியில் இருந்தார். எத்தனையோ ஊழியர்கள் அந்த நிலையை அடையாமலே போய்விடுகிறார்கள்."

நல்லம்மாள் அழவில்லை. கணவரின் காலருகே நகர்ந்து உட்கார்ந்து வேட்டியை முழங்கால் வரை விலக்கினாள்.

"கொஞ்சம் கிட்ட வாங்க சாமி. குனியுங்க. இங்க, எலும்பு மேல, கட்டவெரல வெச்சு அமுத்துங்க."

உபகாரசாமி தயங்கினார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. எடுத்தபோது, பிசைந்த மாவில் பதிந்தது போல் அவர் கட்டைவிரலின் குழி அப்படியே நின்றது.

அவர் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் நல்லம்மாள். "அது எப்ப மேல வருதுன்னு பாத்துப்போட்டுப் போங்க."

யாரோ ஒரு முக்காலியைக் கொண்டுவந்து அவர் பின்னால் போட்டார்கள். வாசலை அடைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். உபகாரசாமி உட்கார்ந்தார். வெளியே மூங்கில் வெட்டும் சத்தம் கேட்டது, பிறகு ஓலை பின்னும் சத்தம். மத்தியானம் மூன்று மணிக்கு உடலைத் தூக்கும்வரை அவர் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மேலே வரவில்லை.